விசுவாசத்தினால் பிழைப்பது: சத்தியத்தில் நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“சத்தியம் உங்களை விடுதலையாக்கும்” என்ற வசனத்தை அறியாத கிறிஸ்தவர் இல்லை. வேதாகமத்தைத் தொட்டிராதவர்களும் அதை எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அது ஒரு நீண்ட வாக்கியத்தின் வால். யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது முழுதாக இப்படி இருக்கிறது: “நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் மெய்யாகவே என் சீஷராயிருப்பீர்கள், சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்.”

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலைத்திருத்தல், பிறகு சீஷராதல், அதற்குப் பின்புதான் அறிதல், கடைசியில் விடுதலை. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம். “எல்லாம் எனக்குத் தெளிவாகட்டும், அப்புறம் பின்பற்றுகிறேன்” என்று காத்திருக்கிறோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் காத்திருந்தேன். அதற்கு முந்திய அதிகாரத்திலேயே அவர் பதில் சொல்லிவிட்டார்: தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ, அவனே இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான் (யோவான் 7:17). நடக்க மனம் இல்லாதவனுக்கு இந்தப் பாதை தெரியாது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒரு வசனத்தை நம்பி எழுதப்பட்டவை.

தொடங்குமுன்: விசுவாசம் என்ற சொல்

எபிரெயத்தில் சத்தியத்துக்கு ‘எமெத்’ என்று பெயர். விசுவாசத்துக்கு, உண்மைத்தன்மைக்கு, ‘எமூனா’. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ‘ஆமென்’ மூன்றாவது. மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. உறுதியாக, அசையாமல் நிற்பது என்பதே அந்த வேரின் பொருள்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறான். கை தாழும்போதெல்லாம் அமலேக்கு மேற்கொள்கிறான். மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ஆரோனும் ஊர் என்னும் பெயருடையவனும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் நிலையாக இருந்தன என்று சொல்லும் இடத்தில் எபிரெயம் பயன்படுத்தும் சொல் ‘எமூனா’. “நீதிமான் பிழைப்பான்” என்று ஆபகூக் 2:4 சொல்லும் விசுவாசமும் அதே சொல்தான். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபோது அந்த வசனத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆகவே விசுவாசம் என்றால் நெஞ்சு நிறைய ஓர் உணர்ச்சி என்று நினைத்து, அது வரவில்லையே என்று கலங்குகிறவர்கள் சற்று ஆறுதல் அடையலாம். அசந்துபோன கைகள், அடியில் ஒரு கல், இரு பக்கமும் இரண்டு பேர்: வேதம் அதையும் விசுவாசம் என்றே அழைக்கிறது.

1. உள்ளபடியே தேவன்முன் நில்லுங்கள்

சத்தியத்தைத் தேடுகிறவர் முதலில் பேசவேண்டிய உண்மை தன்னைப் பற்றியது. “உள்ளத்தில் உண்மையிருக்க விரும்புகிறீர்” என்று தாவீது சங்கீதம் 51-இல் சொன்னான். பாவத்தை மூடி மறைத்து, நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டபின் வந்த வார்த்தைகள் அவை.

தனியாக அமர்ந்து, நம்பமுடிகிறவற்றையும் நம்பமுடியாதவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேய்பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் சொன்னது இதுதான்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” ஒரே மூச்சில் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்கினார். ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரனுக்கு இருந்ததும் ஒரு வரிதான்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” உங்களுக்கும் ஒரு வரி போதும். அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள்.

2. யாரை நம்புகிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்தவத்தில் சத்தியம் ஒரு கோட்பாடாக மட்டும் நிற்பதில்லை. “நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னார். “சத்தியமாவது என்ன” என்று பிலாத்து கேட்டபோது அவர் அவன் எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். ஆகவே சத்தியத்தைத் தேடுவதென்றால் அந்த ஒருவரைப் பழகி அறிவது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கில் அதுவே சிறியது, 16 அதிகாரங்கள். முதல்முறை விளக்கவுரை எதையும் திறக்காமல், ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்துப் போங்கள். அவர் யாரைத் தொட்டார், யார்மேல் கோபப்பட்டார், எப்போது மௌனமாக இருந்தார், எதற்குக் களைத்தார் என்று பாருங்கள். ஆதியாகமத்தில் ஆர்வமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்.

அதோடு 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள். சிலுவைச் சாவு நடந்து சுமார் 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட நிருபம் அது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் தருகிறார். ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் ஒரேவேளையில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லாமல் சொல்லும் தொனி அது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் அவரே எழுதுகிறார். நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால் தன்னையே நிறுத்துகிற விசுவாசம் இது. அந்தக் கேள்வியை நீங்களும் அஞ்சாமல் கேளுங்கள்.

3. வசனத்தைப் பொறுக்காமல் வாசியுங்கள்

இங்கேதான் பலர் இடறுகிறோம், ஆகவே சற்று நின்று பேசவேண்டும்.

வேதாகமம் 66 புத்தகங்களின் தொகுப்பு (கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73). வரலாறு, பாட்டு, சட்டம், பழமொழி, கடிதம், தரிசனம் எல்லாம் அதில் உண்டு. அதிகார எண்களும் வசன எண்களும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவை. எழுதியவர்கள் போட்டவை அல்ல. இதை மறந்துவிட்டு, நமக்குப் பிடித்த வாக்குத்தத்தங்களை மட்டும் மலர் கொய்வதுபோலக் கொய்து வைத்துக்கொள்கிறோம்.

எரேமியா 29:11 அப்படிக் கொய்யப்பட்ட மலர். “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் திரும்பிவரமாட்டார்கள். அவர்களிடம்தான் தேவன், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்பதற்கான உறுதிமொழியாக இதை வாசித்து ஏமாந்தவர்கள், தேவன் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். தேவன் சொல்லாததை அவர் வாயில் நாம்தான் வைத்தோம். முழுக் கடிதத்தையும் வாசித்தால் அந்த வசனம் சிறுத்துவிடாது. அந்நிய தேசத்தில் தோட்டம் போடும் தைரியத்தையே அது தரும்.

பிலிப்பியர் 4:13-உம் அப்படியே. “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற வரிக்கு முன்னால் பட்டினியும் குறைவும் இருக்கின்றன. எழுதிய பவுல் கட்டுண்டவராக இருக்கிறார்.

வாசிக்கும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது? இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? மனிதன் எப்படிப்பட்டவனாகத் தெரிகிறான்? இதற்குக் கீழ்ப்படிவதென்றால் இன்று நான் செய்யவேண்டியது என்ன? நான்காவது கேள்விக்கு விடை எழுதாமல் புத்தகத்தை மூடவேண்டாம். சில நாட்களில் அந்த விடை “பொறுமையாகக் காத்திருக்கவேண்டும்” என்று மட்டும் இருக்கும், அதுவும் விடைதான்.

4. கேட்டதைச் செய்யுங்கள்: இதுவே நடு

ஒருமுறை வேலை செய்த இடத்தில் ஒரு கணக்கில் தவறு செய்துவிட்டேன். பழி எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவர்மேல் விழுந்தது. நான் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த நாட்களில் காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வார்த்தை எழவில்லை. வேத வாசிப்பு மணல் மெல்லுவதுபோல் இருந்தது. இது ஆவிக்குரிய வறட்சி, கடந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது வாசிப்பு வரிசையில் மத்தேயு 5-ஆம் அதிகாரம் வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. எத்தனை முறை கேட்ட வசனம்! அன்று அது என் பெயரைச் சொல்லி எழுதப்பட்டதுபோல் இருந்தது.

மேலும் இரண்டு நாட்கள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போய், தவறு என்னுடையது என்று மேலாளரிடமும் அந்த நண்பரிடமும் சொன்னேன். சிறிது இழப்பு வந்தது. அந்த நண்பர் உடனே மன்னிக்கவில்லை, மன்னிக்கவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. ஆனால் அன்றிரவு ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று சொன்னபோது, அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு முதன்முறையாக விளங்கியது. இருபது பிரசங்கங்களில் விளங்காதது.

யோவான் 7:17 இதைத்தான் சொல்கிறது. சில சத்தியங்கள் செய்தவனுக்கு மட்டுமே திறக்கும். மன்னிக்காதவனுக்கு மன்னிப்பைப் பற்றிய உபதேசம் புரியாது. கொடுத்துப் பார்க்காதவனுக்கு, கொடுப்பதில் உள்ள பாக்கியம் வெறும் பேச்சு.

வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டில் பந்தியிருந்தபோது அவன் ஜெபக் குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை. ஆஸ்திகளில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொன்னான். “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்ற வார்த்தை அதற்குப் பின் வருகிறது. இரட்சிப்பு கிருபையினால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிரியை அதை விலைக்கு வாங்காது. ஆனால் வந்துசேர்ந்த கிருபை பணப்பெட்டி வரைக்கும் போகும்.

ஆகவே வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்காத கடன், கேட்காத மன்னிப்பு, மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம், வீட்டில் ஒருவரிடம் பேசாமலிருப்பது. பெரிதாக வேண்டாம். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற கட்டளையை மட்டும் ஏழு நாள் கைக்கொண்டு பாருங்கள். எத்தனை சிறிய பொய்களின்மேல் நம் நாள் ஓடுகிறது என்று அதிர்ந்துபோவீர்கள். சங்கீதம் 15 தேவனுடைய கூடாரத்தில் தங்குகிறவனை வருணிக்கும்போது, ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்கிறது. அந்த நஷ்டத்தை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஜெபத்துக்கு ஒரு நேரமும் ஒரு வடிவமும்

மனம் வரும்போது ஜெபிக்கலாம் என்றால் ஜெபம் நடக்காது. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார். நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

வடிவம் தெரியாவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தையே எடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று, உங்கள் வார்த்தைகளைச் சேருங்கள். அதில் பாதி தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் பற்றியது. அப்பம் அதற்குப் பின்தான் வருகிறது. நம் ஜெபங்களில் அந்த விகிதம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரவில் படுக்குமுன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பழைமையானது. 16-ஆம் நூற்றாண்டில் லொயோலாவின் இஞ்ஞாசியார் அதற்குத் தெளிவான படிகளைக் கொடுத்தார். எதற்கு நன்றி சொல்லவேண்டும், எங்கே வழுவினேன், நாளை எதற்குக் கிருபை வேண்டும் என்ற மூன்றே கேள்விகளோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

6. தனியாக நடக்காதீர்கள்

தோமாவைச் சந்தேகக்காரன் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உயிர்த்தெழுந்த நாளில் மற்ற சீஷர் கண்டார்கள், அவன் இல்லை. “விசுவாசிக்கமாட்டேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். எட்டு நாட்கள் கழித்து, வீட்டுக்குள்ளே “தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்” என்று யோவான் எழுதுகிறார். நம்பாதவனை அவர்கள் துரத்தவில்லை, நம்பாத அவனும் விலகிப்போகவில்லை. அந்த ஒரு வாரத்தைப் பற்றி வேதம் வேறொன்றும் சொல்லவில்லை, எனக்கோ அதைவிட ஆறுதலான வாரம் வேறில்லை. அவன் தனியே போயிருந்தால் “என் ஆண்டவரே! என் தேவனே!” என்ற அறிக்கை எங்கே பிறந்திருக்கும்?

ஒரு சபையில் வேரூன்றுங்கள். குறையில்லாத சபையைத் தேடி அலைந்தால் ஆயுள் முடிந்துவிடும். சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறதா, திருவிருந்து பயபக்தியோடு நடக்கிறதா, எளியவர்கள் மதிக்கப்படுகிறார்களா, பணத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் தங்குங்கள். அங்கே மோசேயின் கைகளைத் தாங்கிய அந்த இருவரைப்போல இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். உங்கள் குற்றங்களை அறிக்கையிடக்கூடியவர்களாக, கேட்டதை வெளியே சொல்லாதவர்களாக அவர்கள் இருக்கவேண்டும்.

7. கேட்கிற எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள்

பவுலே வந்து பிரசங்கித்தபோதும் பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. ஊழியக்காரரைக் கேள்வி கேட்பது பாவம் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

சொன்ன அடையாளம் நிறைவேறினாலும், தேவனைவிட்டு விலகச் சொல்பவனுக்குச் செவிகொடாதே என்று உபாகமம் 13 எச்சரிக்கிறது. ஆக, அற்புதம் நடந்தது என்பது மட்டும் போதாது. பணத்தையும் பாருங்கள். குஷ்டரோகியான நாகமான் குணமானபின் கொண்டுவந்த காணிக்கையை எலிசா தீர்க்கதரிசி வாங்க மறுத்தான். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கியவன் அவனுடைய வேலைக்காரன் கேயாசி. காணிக்கை அளவுக்கு ஆசீர்வாதம் என்று தராசு பிடிக்கிறவர்கள் கேயாசியின் வழியில் போகிறவர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்ற போதனை உயிர்களைப் பறித்திருக்கிறது. பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தைப் பரிந்துரைத்தார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகத் தன் கடைசி நிருபத்தில் எழுதினார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஜெபித்துவிட்டு விழுங்குங்கள்.

8. தீர்மானங்கள்

தேவசித்தம் எதுவென்று தெரியாமல் தவிப்பவர்கள் கிதியோனைப்போல அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலை விரிக்கிறார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ வாசித்தால், தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொன்னபின்புதான் அவன் அடையாளம் கேட்டான் என்று தெரியும். அது அவனுடைய பயத்துக்கு தேவன் காட்டிய இரக்கம். நமக்கு விதிமுறை அல்ல. வேதம் தடுக்கிறதா, முதிர்ந்த விசுவாசிகள் என்ன சொல்கிறார்கள், யாருக்காவது இதனால் அநீதி உண்டா, தேவனுக்கு நன்றி சொல்லி இதைச் செய்யமுடியுமா என்று பாருங்கள். இவற்றைக் கடந்தும் இரண்டு நல்ல வழிகள் மீந்தால், ஒன்றைத் தெரிந்துகொண்டு சமாதானத்தோடு போங்கள்.

9. வெளிச்சம் மங்கும் காலத்துக்கு

மங்கும். யாருக்கும் விலக்கு இல்லை. அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளோடு ஊழியம் செய்தார் என்பது 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளியானபோது உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது.

அப்படிப்பட்ட நாளில் வாசிப்பதற்கென்றே சங்கீதங்கள் இருக்கின்றன. சங்கீதம் 13 “எதுவரைக்கும்” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. சங்கீதம் 88 ஒரு துளி வெளிச்சமும் இல்லாமல் முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, அதையும் ஜெபமாகவே தேவன் ஏற்றுக்கொண்டார். இவற்றைச் சத்தமாக வாசியுங்கள். சொந்த வார்த்தை வராதபோது இவை உங்களுக்காகப் பேசும்.

வெளிச்சம் இருந்த நாட்களில் எழுதி வைப்பதும் உதவும். கணித மேதை பாஸ்கல் 1654 நவம்பர் 23-ஆம் தேதி இரவில் தேவனைச் சந்தித்த அனுபவத்தை ஒரு தாளில் எழுதினார். “அக்கினி” என்ற சொல்லும், தத்துவஞானிகளின் தேவன் அல்ல, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்ற பொருளுள்ள வரியும் அதில் உண்டு. அந்தக் குறிப்பை அங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்தபின்தான் அது கண்டெடுக்கப்பட்டது. உங்களுக்குத் தேவன் உண்மையாக இருந்த நாட்களைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் நினைவு பலவீனமானது, என்னுடையதும்தான்.

வறட்சி நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, உயிர்வாழும் ஆசையே குறைந்தால், போதகரிடம் மட்டும் போகாமல் மருத்துவரிடமும் போங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும்.

முதல் வாரம்

இன்றிரவு, முதல் படியில் சொன்ன அந்த ஒரு வரியை ஜெபியுங்கள். நாளை காலை மாற்கு முதல் அதிகாரம், பத்து நிமிட ஜெபம், நான்காவது கேள்விக்கு ஒரு வரி விடை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாளுக்குள் அந்த வாரத்துக்கான ஒரு காரியத்தைத் தெரிந்துகொண்டு, ஆறாம் நாளுக்குள் செய்துவிடுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் இரண்டு அதிகாரங்களை வாசித்து ஈடுகட்ட முயலவேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வாரம் முடிவதற்குள் உங்களோடு வாசிக்க ஒருவரைக் கேளுங்கள். தவறாமல் வந்திருந்தால் எட்டாம் நாள் நீங்கள் இருவரும் எட்டாம் அதிகாரத்தைத் திறப்பீர்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். முதல்முறை தொட்டபின் என்ன தெரிகிறது என்று கேட்கிறார். நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான் அவன். அவர் மறுபடியும் கைகளை அவன் கண்களின்மேல் வைக்கிறார்.